பாதியில் நின்ற மொறிஸ் மைனரும் வர்த்தமானிப் பத்திரிகையும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

கொஞ்ச நாட்களாக நம்ம பொடியன்மார் மத்தியில் ஒரு வியாபார யோசனை ஓடுகிறது. யாரோ ஒருவர் ஆசை ஆசையாகக் கழற்றிப் போட்டு, அரைவாசி வேலையோடு கைவிட்ட பழைய காரை மலிவாக வாங்குவது, மீதி வேலையை முடிப்பது, நல்ல விலைக்கு விற்பது. இந்த விளம்பரங்களுக்கென்றே தனிப் பாஷை இருக்கிறது. "டிங்கர் வேலை 80 சதவீதம் முடிந்தது." "சாமான் எல்லாம் இருக்கிறது, பூட்டினால் சரி." "வெளிநாடு போவதால் அவசர விற்பனை." இதற்குள் போடப்போவது கட்டாரில் உழைத்த காசு, சீட்டுக் காசு, சில வீடுகளில் உம்மாவின் காப்பு. அதனால்தான் இதை எழுத நினைத்தோம்.

சரித்திரம் படிப்பிக்கிறவர்களுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். பிஸ்டன் மாற்றத் தெரியாதுதான். ஆனால் ஒரு காரின் விலை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பது முழுக்க முழுக்க சரித்திரக் கேள்வி. அதைப் பார்க்கப் பார்க்க எங்களுக்கு விளங்கியது இதுதான்: இந்த நாட்டில் 60 வருடங்களுக்கு மேலாகப் பழைய காரில் லாபம் எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு அதைக் கொடுத்தது ஸ்பானர் இல்லை, வர்த்தமானிப் பத்திரிகை.

இந்த யோசனைக்குப் பின்னால் எப்போதும் ஒரு கதை நிற்கும். பழைய இரும்புக்குப் போகவிருந்த கார் ஒன்றை ஒருவர் சல்லிக் காசுக்கு வாங்கினார், இன்று அது கோடிக்கணக்கில் என்று. அந்தக் கதைகளில் மிகப் பிரபலமானது உண்மையானதுதான், அதையே பார்த்துவிடுவோம். பிரான்ஸில் எத்தோரே புகாட்டி, அரசர்களுக்கென்று 'ரோயல்' என்ற பிரமாண்டமான காரைச் செய்தார். எஞ்சின் மட்டும் 12.7 லீற்றர். 25 செய்ய நினைத்தார், செய்தது 6, வெளியாருக்கு விற்றது 3. (மிஞ்சிய எஞ்சின்களைப் பிறகு பிரெஞ்சு ரயில்களில் பூட்டினார்கள். புகாட்டிக்குக் கை கொடுத்தது அதுதான்.) விற்ற மூன்றில் ஒன்றை 1932இல் ஜெர்மனியில் யோசப் ஃபுக்ஸ் என்ற டாக்டர் வாங்கினார். ஹிட்லர் காலத்தில் அவர் நாட்டை விட்டு ஓட, காரும் ஷங்காய் வரை போய்க் கடைசியில் நியூயோர்க் வந்தது. அங்கே குளிர்காலத்தில் எஞ்சினுக்குள் இருந்த தண்ணீர் உறைந்து பிளொக் வெடித்தது. கார் பழைய இரும்புக் கடைக்குப் போனது. அதை 1940களில் சுமார் 400 டொலருக்கு வாங்கியவர் சார்ள்ஸ் செயின்.

கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். செயின் யார்? பியூக் கம்பனியின் தலைமைப் பொறியியலாளர். வெடித்த பிளொக்கை ஒட்டவும், ஒரு காபரேட்டர் இருந்த இடத்தில் நான்கைப் பூட்டவும் அவருக்குத் தெரியும், செய்து தரக்கூடிய ஆட்களையும் தெரியும். வேலை 1947 வரை இழுத்தது. எல்லாம் முடிந்த பிறகு அதை அவர் விற்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் வைத்திருந்துவிட்டு அவரும் மனைவியும் மிச்சிகனில் உள்ள ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். இன்றும் அங்கேதான் நிற்கிறது. உலகத்திலேயே மிகப் பெரிய 'அதிர்ஷ்டக் கொள்வனவு' என்று சொல்லப்படும் காரில், அதை வாங்கித் திருத்திய மனிதன் விற்று எடுத்த லாபம் ஒரு சதம்கூட இல்லை.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம்.

இங்கே பாதியில் நிற்கும் கார் என்றால் பெரும்பாலும் ஒஸ்டின் அல்லது மொறிஸ் மைனர். மைனர் 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரிக் காரைப் பார்த்துவிட்டு ஒடுக்கமாக இருக்கிறதே என்று நடுவால் வெட்டி 4 அங்குலம் அகட்டினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 1970களின் ஆரம்பம் வரை 16 இலட்சம் கார் செய்தார்கள். பத்து இலட்சம் என்ற எண்ணைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் இதுதான். இலங்கையில் தோட்டத்துத் துரை, டாக்டர், தபாலதிபர், பாடசாலை அதிபர் என்று எல்லோரும் ஓடினார்கள். கொழும்பில் மஞ்சள் கூரை போட்ட மைனர் டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போன ஞாபகம் இல்லாத மூத்தவர்கள் குறைவு.

மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. அந்தக் காலத்துப் பல கார்களில் கீழே கனமான சேசி ஒன்று இருக்கும், பொடி அதன் மேல் உட்காரும். மைனரில் பொடியின் தகடுகளே ஒன்றோடு ஒன்று ஒட்டி வண்டியின் பாரத்தைச் சுமக்கின்றன. கதவுக்குக் கீழே ஓடும் நீளத் தகடு, பின் வில் பூட்டும் இடம், முன்பக்கம் எஞ்சினைத் தாங்கும் இரண்டு கால்கள் ஆகியவற்றில் கறள் ஏறினால் காருக்கு இடுப்பு ஒடிந்த மாதிரி. எங்கள் கரையோர ஊர்களின் உப்புக்காற்றுக்கு இந்த இடங்கள்தான் முதல் சாப்பாடு.

இப்போது ஒரு கார் ஏன் பாதியில் நிற்கிறது என்பதைப் பாருங்கள். ஆசைப்பட்டு வாங்கியவர் முதலில் எஞ்சினைத் திறப்பார். அது லேசு. மைனரின் எஞ்சின் எளிமையானது, சாமானும் கிடைக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் உற்சாகம் வரும். ஆசனம், லைட், டயர் எல்லாம் வாங்கிச் சேர்ப்பார். பிறகு பெயின்ற் அடிக்கக் கொண்டுபோனால் பாஸ் பழைய பெயின்றைச் சுரண்டுவார். அப்போதுதான் கீழே தகடு இல்லை, முந்தி யாரோ பூசிய பட்டிதான் இருக்கிறது என்று தெரியும். பாஸ் வெட்டத் தொடங்குவார். வெட்ட வெட்ட கறள் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பில்லும் கூடவே போகும். மூன்றாம் மாதம் காசு முடியும், ஆறாம் மாதம் பாஸ் வேறு வண்டியை உள்ளே எடுப்பார், இந்தக் கார் வெளியே மாமரத்துக்குக் கீழே போகும். ஆக, "80 சதவீதம் முடிந்தது" என்று விற்கப்படுவது பெரும்பாலும் லேசான பகுதி முடிந்த கார். முதல் ஆளைத் துரத்திய வேலை அப்படியே இருக்கிறது, அதைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அப்படியென்றால் முந்திய தலைமுறையில் சிலர் இதில் முன்னேறினார்களே என்ற கேள்வி வரும். முன்னேறினார்கள்தான். எப்படி என்று பார்க்க 1960களுக்குப் போக வேண்டும். அந்நியச் செலாவணி வற்றத் தொடங்க, கார் இறக்குமதிக்கு அரசாங்கம் பூட்டுப் போட்டது. 1970இலிருந்து 1977 வரை அந்தப் பூட்டு இன்னும் இறுகியது. அரிசி கொண்டு போவதற்கே கட்டுப்பாடு இருந்த காலத்தில் யாருக்குக் கார் வரும்? உள்ளூரில் உபாலி விஜேவர்தன பூட்டிய ஃபியட்டும் மஸ்டாவும் சிலருக்குக் கிடைத்தன. மற்றவர்கள் இருந்ததைக் கட்டிக் காத்தார்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகச் சந்தையில் ஒரு பழைய கியர் பெட்டிக்கு வந்த மதிப்பு அந்தக் காலத்தின் மதிப்பு. கிடைக்காத சாமானை பாஸ்மார் கடைந்து செய்தார்கள். பெற்றோல் எஞ்சின் போன இடத்தில் லொறியின் டீசல் எஞ்சினைக்கூட இருத்தினார்கள். மாமரத்துக்குக் கீழே கிடந்த காரை அந்த வருடங்களில் வாங்கி ஓட வைத்தவர் நிச்சயம் லாபம் பார்த்தார். ஏனென்றால் வாங்குகிறவருக்கு வேறு வழி இல்லை.

பிறகு 1977 வந்தது. ஜே.ஆர். ஜெயவர்தன அரசாங்கம், அந்த நவம்பர் மாதம் ரொனி டி மெல்லின் வரவு செலவுத் திட்டம், இறக்குமதிக் கதவு திறந்தது. டொலரின் விலை ஒரேயடியாக 16 ரூபாய் அளவுக்குப் போனது. துறைமுகத்தில் ஜப்பான் வாகனங்கள் இறங்கத் தொடங்கின. யாழ்ப்பாணத்துச் சகோதரர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. கதவு மூடியிருந்த வருடங்களில் மிளகாயும் வெங்காயமும் செய்து கல்வீடு கட்டியவர்கள், கதவு திறந்ததும் என்ன ஆனார்கள் என்று அவர்கள் வீட்டிலேயே சொல்வார்கள். பழைய காரும் அதே கதைதான். அன்றைக்குக் கராஜில் அரைவாசி வேலையோடு நின்ற ஒரு மைனர் அடுத்த நாளும் அதே மைனர்தான், ஒரு ஆணிகூடக் குறையவில்லை. அதன் விலைக்குப் பின்னால் நின்ற தட்டுப்பாடு மட்டும் கரைந்து போனது.

இதே நாடகத்தின் இரண்டாம் காட்சியை நாமெல்லாம் கண்ணால் பார்த்தோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி முதலாம் திகதி. நடுவில் ஏறக்குறைய 5 வருடம். அந்த 5 வருடத்தில் பத்து வருடம் ஓடிய வாகனம் வாங்கிய விலையை விடக் கூட விலைக்குப் போனது. பழைய கார்களும் சேர்ந்து ஏறின. "கிளாசிக் காருக்கு மவுசு வந்துவிட்டது" என்று எல்லோரும் சொன்னார்கள். எங்களுக்கு அதில் பாதிச் சந்தேகம். பழைய காருக்கு இரண்டு விலை இருக்கிறது. ஓடித் திரியக் கொடுக்கும் விலை ஒன்று, சேகரிப்பவர் ஆசைக்குக் கொடுக்கும் விலை இன்னொன்று. இறக்குமதி வாகனங்களுக்கு வயதெல்லை இருப்பதால் புதிதாக ஒரு மைனர் இந்த நாட்டுக்குள் வரப்போவதில்லை, அதனால் இரண்டாவது விலைக்கு ஓர் அத்திவாரம் உண்டு. ஆனால் கதவு மூடியிருந்தபோது ஏறியதில் பெரும் பங்கு முதலாவது விலை. அது கதவு திறந்தால் இறங்கும். வரி எவ்வளவு கூடினாலும் வாகனம் வருகிறது என்ற செய்தியே போதும்.

அதோடு அந்த வருடங்களில் கிடைத்த லாபத்தை எந்தக் கோலால் அளக்கிறோம் என்பதும் முக்கியம். கணிதப் பாடத்தில் செய்வது போல ஒரு கணக்குப் போடுவோம். இலக்கங்கள் எங்கள் கற்பனை, டொலர் விலை மட்டும் அந்தக் காலத்தை ஒட்டியது. 2022 ஆரம்பத்தில் ஒருவர் 8 இலட்சத்துக்கு அரைவாசி முடிந்த கார் வாங்குகிறார். டொலர் 200 ரூபாய், ஆகவே 4,000 டொலர். பிறகு நாடு விழுந்தது. ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள், டொலர் 360 வரை போனது, செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். காரை முடிக்க அவர் இன்னும் 10 இலட்சம் போடுகிறார். சராசரியாக டொலர் 340 என்று வைத்தால் அது 2,940 டொலர். 2024 ஆரம்பத்தில் 24 இலட்சத்துக்கு விற்கிறார். ஆறு இலட்சம் லாபம்! ஊர் முழுக்கப் பேச்சு. ஆனால் டொலர் 320இல் அந்த 24 இலட்சம் 7,500 டொலர்தான். போட்டது 6,940. மிச்சம் 560 டொலர், இரண்டு இலட்சம் ரூபாய்க்கும் குறைவு. அதற்கு இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமை எல்லாம் போயிருக்கிறது, வீட்டு முற்றமும் போயிருக்கிறது. உதிரிப்பாகம் இங்கிலாந்திலிருந்து பவுணில் வருவதால் டொலரில் கணக்குப் பார்ப்பது அநியாயம் என்றும் சொல்ல முடியாது.

கதவே மூடாத நாட்டில் இது எப்படி நடந்தது? இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வேர் என்று ஒருவர் இருந்தார். முதலில் அவர் செய்தது பழைய கல் வீடுகளைத் திருத்தி விற்பது. 1970களின் நடுவில் வீட்டுச் சந்தை சரிந்தபோது அதில் விழுந்தார். 1976இல் மொறிஸ் மைனருக்கென்றே ஒரு திருத்தகம் தொடங்கினார். வாங்கி, மினுக்கி, விற்று ஓடும் வழியை அவர் நம்பவில்லை. ஒரு மைனரின் கறள் பிடித்த தகட்டைப் புதிய தகடாக மாற்றிக்கொண்டே போனால் அது முடிவில்லாமல் ஓடும், வருடக் கணக்கில் பார்த்தால் புதுக் காரை விட மலிவு என்பது அவர் வாதம். அதை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். சொந்தக்காரர் தன் காரை வைத்திருக்கவே வருவார், அவருக்குத் தகடும் உழைப்பும் விற்கலாம், நாளைக்குச் சந்தை விழுந்தாலும் பயமில்லை.

இந்தக் கதையில் எங்களுக்குப் பிடித்த பகுதி இனித்தான். அந்தத் தகடுகளைச் செய்ய 1990களில் அவர் இலங்கையர் ஒருவரோடு சேர்ந்து தென்னிலங்கையில் ஒரு தொழிற்சாலை தொடங்கினார். ஒரு காலத்தில் எங்களுக்குக் கார் விற்ற நாடு, அதே காரின் கதவுத் தகட்டையும் மட்கார்டையும் எங்கள் ஆட்களின் கையால் செய்வித்து எடுத்துக்கொண்டது. கதவு மூடிய வருடங்களில் வேறு வழியில்லாமல் பழகிய கைவேலைக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது. பழைய காரில் இந்த நாடு சம்பாதித்த காசில் இதுபோல நேர்மையான காசு குறைவு என்று நாங்கள் நினைக்கிறோம். பஞ்சிகாவத்தையிலும் நிலைத்து நிற்பவர்கள் கார் விற்றவர்களை விட, கார் திருத்துகிறவனுக்குச் சாமான் விற்றவர்கள்தான்.

பத்திரங்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு பழைய காரின் இலக்கத் தகடே ஒரு சரித்திரப் பாடம். ஈ.என்., ஈ.எல்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது 1957க்கு முந்திய பதிவு. அந்த வருட ஆரம்பத்திலிருந்து சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது, வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். 1958இல் ஸ்ரீ போட்ட அரச பஸ்கள் வடக்கே போனபோது தார் பூசுவது இரண்டு பக்கமும் பரவியது. அந்த ஏப்ரலில் பண்டா – செல்வா ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதம் இரத்தம் ஓடியது. இன்றைக்கு அதே எழுத்தைக் காட்டி "ஒரிஜினல் நம்பர்" என்று கூட விலை கேட்கிறார்கள். 1945க்கு முன் இங்கே பதிவான பயணிகள் கார் என்றால் அதை ஏற்றுமதி செய்ய அரசாங்க அனுமதி வேண்டும். யானைத் தந்தமும் கருங்காலியும் இருக்கும் அதே பட்டியலில்தான் அந்தக் காரும் இருக்கிறது.

இதெல்லாம் சுவாரசியம். கையைக் கடிப்பது வேறு. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் எழுதியிருக்கும். மூடிய பொருளாதாரத்தில் மாற்றிய எஞ்சின்கள் எத்தனையோ புத்தகத்தில் ஏறவே இல்லை. நாலு கை மாறிய ஓபன் பேப்பர் கார் என்றால் முதல் சொந்தக்காரர் மௌத்தாகி, பிள்ளைகள் மூன்று நாட்டில் இருப்பார்கள். பாதியில் கைவிட்ட கார்களில் சில டிங்கருக்காக நிற்கவில்லை, இதற்காகத்தான் நிற்கின்றன. கறளை வெட்டி ஒட்டலாம், இதை ஒட்டுவதற்கு பாஸ் இல்லை.

கடைசியாக, விற்கிற பக்கம். மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவம் நம்ம பிள்ளைகள் எல்லோருக்கும் மத்ரசாவிலேயே தெரியும். மேலே காய்ந்தது, கீழே நனைந்தது. கறளுக்கு மேல் பட்டி பூசி, அதற்கு மேல் மினுங்குகிற பெயின்ற் அடித்த கார் அதே குவியல்தான். "பழைய கார், பார்த்துத்தானே வாங்கினார்" என்று சொல்லித் தப்ப முடியுமா? மறைந்திருந்த குறை பிறகு தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்று ஃபிக்ஹில் தனிப் பாடமே இருக்கிறது. எங்கே வெட்டினோம், எங்கே ஒட்டினோம் என்று சொல்லி விற்றால் விலை குறையும். அந்தக் குறைந்த விலையை வைத்துக்கொண்டு மேலே போட்ட கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். இன்னொன்று, விற்கும் நிய்யத்தோடு வாங்கிய கார் வியாபாரப் பொருள். ஓடித் திரிய வாங்கிய காருக்கு ஸகாத் இல்லை. ஆனால் இது மாமரத்துக்குக் கீழே கிடந்தாலும் வருடம் முடியும்போது அதன் சந்தை விலையும் ஸகாத் கணக்கில் சேரும் என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. மூன்று வருடம் இழுத்தால் மூன்று தடவை. விபரத்தை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய காரில் ஆசை உள்ளவர்களை நாங்கள் மறிக்கவில்லை. ஓட்டுவதற்கு வாங்குங்கள், பிள்ளைகளை ஏற்றிப் பெருநாளைக்குச் சுற்றுங்கள். விற்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஒரு காந்தத்தையும் டோர்ச் லைட்டையும் எடுத்துப் போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை. எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்க முன்னர் படுத்துக் கீழே பாருங்கள், அதற்கும் முன்னர் புத்தகத்தைக் கேளுங்கள்.

உங்கள் ஊரில் 70களில் கார் கட்டிய பாஸ்மார் யாராவது இன்னும் இருந்தால், எந்தக் காருக்கு எந்த எஞ்சினை இருத்தினார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். பழைய படம் இருந்தால் அதையும் போடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூடிய பொருளாதாரம் படிப்பிக்க எங்களுக்கு உதவும்.